நாட்டரசன்கோட்டையில் ஏறுவோர் கணக்கு: ரயில் பயணமும் சமூக ஊடகமும்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, சிவகங்கை வழியாக மானாமதுரைக்குப் போகும் ரயில் தடம் செட்டிநாட்டின் நடுவே ஓடுகிறது. திருச்சி – புதுக்கோட்டைப் பகுதி 1929இலும் புதுக்கோட்டை – மானாமதுரைப் பகுதி 1930இலும் திறக்கப்பட்டன. 1914இல் பாம்பன் பாலம் கட்டி முடிந்து, தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியதிலிருந்தே கொழும்புக்குக் கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாருக்கு ரயில் பழகிப்போன ஒன்று. ஆனால் அது அவர்கள் ஊர்வழி வந்தது 1930இல்தான். கானாடுகாத்தானுக்கு அருகே செட்டிநாடு நிலையம், பிறகு கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டை ரஸ்தா, கல்லல், பனங்குடி, நாட்டரசன்கோட்டை என்று வரிசையாக ஊர்கள் ரயிலைப் பெற்றன. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே மீட்டர் பாதை அகலப்பாதை ஆயிற்று. பின்னர் மின்கம்பியும் வந்தது. தண்டவாளத்தைப் பொறுத்தவரை இந்தத் தடம் இன்றுபோல் என்றும் நன்றாக இருந்ததில்லை.

பயணிகள் கதை வேறு. இந்திய ரயில்வே 2018–19இல் ஏற்றிச்சென்ற பயணிகள், புறநகர் வண்டிகளையும் சேர்த்து, சுமார் 844 கோடி. கொரோனாவுக்குப் பின் மீண்டெழுந்த 2023–24இலும் அது சுமார் 690 கோடியைத்தான் எட்டியது. முன்பதிவுப் பெட்டிகளில் இடம் கிடைக்காமல் அல்லாடுகிறோமே, பிறகு எங்கே குறைந்தார்கள் என்று தோன்றும். நெடுந்தூர வண்டி நிரம்பி வழிவதும், பக்கத்து ஊருக்குப் போகும் பாசஞ்சர் பாதி காலியாக ஓடுவதும் ஒரே நாட்டில் ஒரே நாளில் நடக்கின்றன. மோட்டார் சைக்கிளும் ஷேர் ஆட்டோவும் பேருந்தும் குறுந்தூரப் பயணிகளை எடுத்துக்கொண்டன. நாட்டரசன்கோட்டை போன்ற நிலையங்கள் வாழ்வதும் தேய்வதும் இந்தக் குறுந்தூரப் பயணிகளைப் பொறுத்தது.

இவர்களைத் திரும்ப ரயிலுக்கு அழைத்துவரச் சமூக ஊடகம் உதவுமா? உதவும் என்றே நினைக்கிறேன். ஆனால் நாம் இப்போது அதைப் பயன்படுத்தும் விதத்தில் உதவாது. ரயிலின் அழகைக் காட்டும் படம் ஒருவகை விளம்பரம். எத்தனை மணிக்கு எந்த வண்டி, டிக்கெட் என்ன விலை, இறங்கிய பின் எப்படிப் போவது என்று சொல்லி நாலு பேரைச் சேர்த்து ஏற்றிவிடும் செய்தி இன்னொரு வகை. சிறு நிலையங்களைக் காப்பாற்றுவது இரண்டாவது வகைதான். அதை நாம் அனேகமாகத் தொட்டதே இல்லை.

இந்த வேறுபாடு புதிதல்ல. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1913இலும் 1926இலும் படங்களுடன் கூடிய வழிகாட்டி நூல்களை வெளியிட்டது. கோயில்கள், கோட்டைகள், தங்கும் பங்களாக்கள் பற்றிய குறிப்புகள் அவற்றில் உண்டு. 1920களிலும் 30களிலும் இந்திய ரயில்வேக்கள் அச்சிட்ட வண்ணச் சுவரொட்டிகளை இன்று ஏலத்தில் எடுக்கிறார்கள். அவை எல்லாம் ஆங்கிலம் படித்த, மேல்வகுப்பில் போகக்கூடிய சிலருக்காக உண்டானவை. அந்நாளில் வண்டியை நிரப்பியவர்கள் மூன்றாம் வகுப்புப் பயணிகள். அவர்கள் பட்ட பாட்டைக் காந்தி 1917இல் தனிப் பிரசுரமாகவே எழுதினார். அவர்களுக்குச் சுவரொட்டி எதுவும் ஒட்டப்படவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது வண்டி வரும் நேரமும் உட்கார ஓரிடமும்.

இன்றைய ரீல்ஸ் அந்தச் சுவரொட்டியின் பேரப்பிள்ளை. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, நடுத்தூக்குப் பகுதி மேலெழும் காட்சி தமிழ்நாட்டில் யார் கைபேசிக்குத்தான் வரவில்லை? அதே நாளில் ராமேசுவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர் வழியாகப் புது வண்டியும் விடப்பட்டது. பாலத்தைப் பார்த்தவர்கள் எத்தனை லட்சமோ, அவர்களில் அந்த வண்டியின் தடத்தை அறிந்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். ஊட்டி மலை ரயில் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதற்கு யூடியூப் காணொளி ஒன்றும் புதிதாகப் பயணி சேர்த்துத் தரவேண்டியதில்லை, சீசனில் டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு. அழகுக் காட்சி ஏற்கெனவே நிரம்பிய வண்டிக்கே மேலும் கூட்டத்தை அனுப்புகிறது என்பது இதன் முதல் குறை.

இரண்டாவது குறை இன்னும் மோசமானது. கோவா – கர்நாடக எல்லையில் ரயில் பாதையை ஒட்டி விழும் தூத்சாகர் அருவியின் காணொளிகளைப் பார்த்து, 2023 ஜூலையில் பெருங்கூட்டம் தண்டவாளத்தின் மீதே நடந்து போயிற்று. ரயில்வே போலீஸார் பிடித்துத் தோப்புக்கரணம் போடவைத்த படங்களும் பிறகு பரவின. பாதையில் நின்று ரீல்ஸ் எடுத்து உயிரைவிட்ட இளைஞர்களைப் பற்றிய செய்தி வராத மாதம் இல்லை. 2024 நவம்பரில் ரயில்வே வாரியம் இத்தகையோர் மீது வழக்குப் பதியச் சொல்லவேண்டிய நிலை வந்தது. விளம்பரம் என்று நாம் கொண்டாடும் ஒன்று, டிக்கெட் வாங்காத கூட்டத்தைப் பாதையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ரயில்வேக்கு அதனால் ஒரு ரூபாய் வரவில்லை. எத்தனையோ வீடுகளில் பிள்ளை போய்விட்டான்.

சிறு நிலையங்களுக்குப் புகழால் நன்மை கிடைத்ததே இல்லையா என்றால், கிடைத்திருக்கிறது. ஜப்பானின் வாகயாமா மாகாணத்தில் கிஷி என்ற நிலையம். அந்தத் தடத்தை நடத்திவந்த நங்காய் கம்பெனி நட்டம் தாங்காமல் கைவிட முடிவு செய்தது. உள்ளூர் மக்கள் போராடினார்கள். 2006இல் வேறொரு சிறு கம்பெனி ஏற்று நடத்தியது. அந்தக் கம்பெனி 2007 ஜனவரியில் டாமா என்ற பூனையை நிலைய அதிகாரியாக நியமித்துத் தொப்பியும் மாட்டிவிட்டது. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். 2015இல் டாமா இறந்தபின் அடுத்த பூனை பதவி ஏற்றது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பூனையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பூனைக்கு முன்பே ஊரார் தடத்தைக் காப்பாற்றியிருந்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய பாகம்.

இங்கிலாந்தில் ஷிப்பியா ஹில் என்று வயல்வெளிக்கு நடுவே ஒரு நிலையம். 2015–16 கணக்கில் ஆண்டு முழுவதும் அங்கே ஏறி இறங்கியவர்கள் 12 பேர். நாட்டிலேயே கடைசி இடம். அந்தச் செய்தி பரவியது. 2016 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தொலைக்காட்சிச் சமையல் போட்டியில் பெயர் பெற்ற ஒருவர், அங்கே வந்து இறங்குவோருக்குப் பண்டிகைப் பலகாரம் இலவசம் என்று அறிவித்துத் தானே போய் நின்றார். 2016–17 கணக்கில் எண்ணிக்கை 156 ஆனது. பதின்மூன்று மடங்கு! ஆனாலும் 156தான். வேடிக்கை பார்க்க வருபவர் ஒருமுறை வருவார். பள்ளிக்கும் சந்தைக்கும் போகிறவர் ஆண்டுக்கு முந்நூறு முறை ஏறுவார்.

ஸ்வீடனில் நடந்தது வேறு. 2014இல் சூசன்னா எல்ஃபோர்ஷ் என்பவர் ரயில் விடுமுறைக்கென்று ஒரு முகநூல் குழு தொடங்கினார். விமானப் பயணத்தால் வரும் புகைக்காகக் கூச்சப்படும் மனநிலை 2018, 2019இல் அந்நாட்டில் வலுப்பெற்றபோது உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சத்தைத் தொட்டது. அந்தக் குழுவில் மலையும் ஏரியும் மட்டும் காட்டப்படவில்லை. எந்த ஊரில் வண்டி மாறுவது, இரண்டு நாட்டு ரயில்களுக்குச் சேர்த்து டிக்கெட் எடுப்பது எப்படி, குழந்தையோடு போனால் எந்தப் பெட்டி நல்லது என்று ஒருவர் கேட்க, போய்வந்த இன்னொருவர் பதில் சொன்னார். 2019இல் ஸ்வேதாவியா நிறுவனத்தின் விமான நிலையங்களில் பயணிகள் சுமார் 4 விழுக்காடு குறைந்தனர். அதில் அந்தக் குழுவின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆசைப்பட்டவரைப் பயணியாக மாற்றியது அங்கே கிடைத்த தகவல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நம் நாட்டிலும் இதே பாடத்தைக் கண்டிருக்கிறோம். சுரேஷ் பிரபு 2014 முதல் 2017 வரை ரயில்வே அமைச்சராக இருந்தபோது, ஓடும் வண்டியிலிருந்து ட்விட்டரில் உதவி கேட்டவர்களுக்கு அடுத்த நிலையத்திலேயே மருந்தும் குழந்தைக்குப் பாலும் வந்து சேர்ந்தன. கேட்டால் பதில் வரும் என்ற நம்பிக்கை ரயிலைப் பற்றி அதற்கு முன் அவ்வளவாக இருந்ததில்லை. பெங்களூரின் சிறு நிறுவனம் ஒன்று உருவாக்கி, 2018இல் கூகுள் வாங்கிக்கொண்ட 'வேர் இஸ் மை டிரெயின்' செயலியும் இத்தகையதே. இணையம் இல்லாத இடத்திலும், கைபேசிக் கோபுரங்களை வைத்து வண்டி எங்கே வருகிறது என்று அது சொல்லிவிடும். விரைவு வண்டிக்கு வழிவிட்டு எங்கோ நின்றுகிடக்கும் பாசஞ்சருக்காகக் காத்திருக்கும் சிறு நிலையப் பயணிக்கு அது பேருதவி.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப்படும் நிகழ்ச்சிக்கு வருகிறேன். தெலங்கானாவில் வாரங்கல் மாவட்டத்து நெக்கொண்டா சிறு நகரம். அங்கே ஒரு விரைவு வண்டிக்குச் சோதனை அடிப்படையில் நிறுத்தம் தந்த ரயில்வே, சில மாதங்களில் போதிய வருமானம் காட்டினால்தான் நிறுத்தம் நீடிக்கும் என்று சொல்லிவிட்டது. ஊரார் வாட்ஸ்ஆப்பில் ஒரு குழு அமைத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள், பணம் வசூலித்தார்கள், தினமும் டிக்கெட் வாங்கினார்கள். வாங்கியவர்கள் பயணம் செய்யவில்லை. நிறுத்தத்தைக் காப்பாற்ற மட்டும் வாங்கினார்கள். 2024 ஜனவரியில் இது நாடெங்கும் செய்தியானது. ராஜஸ்தானின் நாகௌர் மாவட்டத்து ஜல்சு நானக் ஹால்ட்டை மூடப்போவதாக 2005இல் அறிவிப்பு வந்தபோதும், அந்த ஊரார் போராடி, பணம் திரட்டி, மொத்தமாக டிக்கெட் வாங்கித் தங்கள் நிலையத்தைக் காத்துக்கொண்டார்கள். அப்போது வாட்ஸ்ஆப் இல்லை, ஊர்க்கூட்டம் இருந்தது.

ஏறாத வண்டிக்கு டிக்கெட் வாங்குவது வேதனையான வேலை. அந்த மக்களை அந்த நிலைக்குத் தள்ளியிருக்கக்கூடாது. ஆனால் அவர்கள் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ரயில்வேயின் காதில் விழுவது மனு அல்ல, டிக்கெட் கணக்கு. 2017இலிருந்து ரயில்வே தன் நிலையங்களைப் புறநகர், புறநகரல்லாதவை, ஹால்ட் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்துத் தரம் பார்க்கிறது. பிரதானமாகப் பார்க்கப்படுபவை இரண்டு: அந்த நிலையத்தில் வந்த வருமானம், அங்கிருந்து புறப்பட்ட பயணிகள். 'புறப்பட்ட' என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். சென்னையிலிருந்து சொந்த ஊருக்கு ஆயிரம் பேர் ரயிலில் வந்து இறங்கினாலும் அந்த ஆயிரமும் சென்னை கணக்கில் போய்ச் சேரும். திரும்பும்போது காரிலோ பேருந்திலோ போய்விட்டால் ஊர் நிலையத்தின் கணக்கில் ஒன்றும் ஏறாது. ஊரார் பலருக்கும் தெரியாத இந்த ஒரு விவரத்தை எல்லோர் கைபேசிக்கும் கொண்டுபோவதே பெரிய பிரச்சாரம்.

நாட்டரசன்கோட்டைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். இவ்வூருக்கு ஆண்டில் வெளியூர்க் கூட்டம் கூடும் நாட்கள் நாட்காட்டியிலேயே உள்ளன. தைப்பொங்கலுக்கு அடுத்த முதல் செவ்வாயன்று கண்ணாத்தாள் கோயில் முன்னே நகரத்தார் நூற்றுக்கணக்கான பானைகளை வரிசையாக ஏற்றி வைக்கும் செவ்வாய்ப் பொங்கல். சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள்கூட அன்று ஊரில் இருக்கப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் பேச்சும் அன்றே நடக்கும். அடுத்து வைகாசித் திருவிழா. மூன்றாவது, பங்குனி அஸ்தம். கம்பர் இங்கேதான் அடங்கினார் என்பது மரபு. அவர் சமாதி இங்கு இருக்கிறது. சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம், கம்பன் திருநாளின் கடைசி நாளை இந்த ஊரில்தான் நடத்துகிறது. முதல் நாட்களில் காரைக்குடியில் கேட்டவர்கள் அஸ்தத்தன்று இங்கே வரவேண்டும். காரைக்குடிக்கும் நாட்டரசன்கோட்டைக்கும் நடுவே நேர் ரயில் பாதை கிடக்கிறது!

ஆள் சேர்க்க இங்கே புதிதாக எந்த அமைப்பும் வேண்டாம். நகரத்தார் சமூகத்தில் திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. கோயில் வரியும் திருவிழாச் செலவும் புள்ளிக் கணக்கில் பிரிக்கப்படும். எந்த வளவு வீட்டில் எத்தனை புள்ளி, யார் எந்த ஊரில் இருக்கிறார் என்ற கணக்கு தலைமுறைகளாக எழுதி வைக்கப்பட்டு வருகிறது. இன்று அந்தக் கணக்கு வாட்ஸ்ஆப் குழுக்களிலும் இருக்கிறது. இந்த ஊரில் வாழும் மற்றச் சமூகத்தாருக்கும், சிவகங்கைக்கும் காரைக்குடிக்கும் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும், வேலைக்குப் போகும் பெண்களுக்கும் தெருக்குழு, வகுப்புக்குழு, சுயஉதவிக்குழு என்று தனித்தனிக் குழுக்கள் உண்டு. ஆண்டில் மூன்று நாள் வருபவரைவிட இவர்களே நிலையத்துக்கு முக்கியம். திருவிழாக் கூட்டத்தை வைத்து நிலையத்தின் பெயரை எடுக்கலாம். நிலையத்தை வாழவைக்கத் தினமும் போய்வருபவர்கள் வேண்டும்.

அந்தக் குழுக்களில் போடவேண்டிய செய்தி மிகச் சாதாரணமானது. நாளை காலை காரைக்குடிப் பக்கம் வண்டி எத்தனை மணிக்கு, மாலையில் திரும்பிவர எது, கட்டணம் எவ்வளவு, நிலையத்திலிருந்து கோயிலுக்கு ஆட்டோ உண்டா. கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாக் காலத்தில் பாசஞ்சர் வண்டிகளைச் சிறப்பு விரைவு வண்டி என்று பெயர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆக்கினார்கள். பேருந்தைவிட மலிவாக இருந்த ரயில் ஒரே நாளில் அந்தப் பெயரை இழந்தது. 2024 பிப்ரவரி இறுதியில் கட்டணம் மறுபடி 10 ரூபாய்க்கு இறங்கியது. ஏற்றியது எல்லோருக்கும் தெரிந்தது, இறக்கியது பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இப்போதும் முப்பது ரூபாய் என்று எண்ணிப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரிடம் மலை ரயிலின் காணொளியைக் காட்டி என்ன பயன்? பத்து ரூபாய் என்று ஒரு வரி எழுதுவதே போதும். ஜெர்மனியில் 2022 கோடையில் மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுவதும் உள்ளூர் ரயில்களில் போகலாம் என்று டிக்கெட் விட்டபோது, மூன்று மாதத்தில் ஐந்து கோடிக்கும் மேல் விற்றது. விலை மலிவாக இருந்தது, அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் அதன் இரகசியம்.

செய்தி தவறாகிப்போனால் வரும் கேட்டையும் நினைக்கவேண்டும். கொரோனா ஊரடங்கின்போது 2020 ஏப்ரல் 14 அன்று, ஊருக்குப் போக ரயில் விடப்போகிறார்கள் என்ற வதந்தியை நம்பி மும்பை பாந்திரா நிலையத்தருகே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் திரண்டு அடிபட்டார்கள். நம் குழுக்களில் பழைய அட்டவணைப் படங்கள் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒருமுறை அதை நம்பிப் போய் வண்டியைத் தவறவிட்ட முதியவர் மறுமுறை ரயில் பக்கம் வரமாட்டார். ஆகவே ஊருக்கு ஒருவர் இதைப் பொறுப்பாக ஏற்கவேண்டும். ஒவ்வொரு பதிவிலும் தேதி இருக்கவேண்டும். ஐயம் வந்தால் 139இல் கேட்டு உறுதிசெய்துவிட்டுப் போடவேண்டும். படிக்கச் சிரமப்படும் ஆச்சிமார்களுக்குக் குரல்பதிவாகவே அனுப்பலாம்.

இவ்வளவு செய்தாலும், வண்டி வசதியான நேரத்தில் ஓடாவிட்டால் எல்லாம் வீண். கல்லூரி தொடங்கிய பிறகு வந்து சேரும் வண்டியை எந்தப் பதிவாலும் நிரப்ப முடியாது. அதனால் பொறுப்பில் பாதி ரயில்வேயுடையது. இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. மேல்மருவத்தூரில் இருமுடி, தைப்பூசக் காலத்தில் தென்னக ரயில்வே ஆண்டுதோறும் பல விரைவு வண்டிகளுக்குத் தற்காலிக நிறுத்தம் தருகிறது. செவ்வாய்ப் பொங்கலுக்கும் பங்குனி அஸ்தத்துக்கும் ஒன்றிரண்டு வண்டிகளை நாட்டரசன்கோட்டையில் இரண்டு நிமிடம் நிறுத்திப் பார்ப்பதில் மதுரைக் கோட்டத்துக்கு இழப்பு ஏதுமில்லை. அந்த அறிவிப்பை ஒரு மாதம் முன்னதாகவே தமிழில் வெளியிட்டால், ஊர்க்குழுக்கள் அதை ஒரே நாளில் சிங்கப்பூர் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கடைசி நேரத்தில் வரும் அறிவிப்புக்கு முன்பே எல்லோரும் கார் பேசி முடித்திருப்பார்கள்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. நாளை அவை முழுப் பட்டியலில் ஏறினால் இந்த ஊர்களின் குறுகிய தெருக்கள் எத்தனை வாகனங்களைத் தாங்கும்? வீடுகளின் முகப்பைப் பார்க்க வருபவர்கள் அந்த முகப்புகளையே மறைத்துக்கொண்டு வண்டிகளை நிறுத்தும் நிலை வேண்டாம் என்றால், ரயிலை இப்போதே பழக்கத்துக்குக் கொண்டுவரவேண்டும்.

நாட்டரசன்கோட்டைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஊருக்கு வந்து திரும்பும்போது, காரைக்குடி வரைக்கோ மானாமதுரை வரைக்கோ ஆனாலும் சரி, புறப்படும் இடம் நாட்டரசன்கோட்டை என்று போட்டு ஒரு டிக்கெட் எடுத்து அந்த வண்டியிலேயே ஏறுங்கள். கைபேசியிலேயே எடுக்கலாம், 2025 ஜூலை முதல் ரயில்ஒன் செயலியும் வந்துவிட்டது. ஏறிய பின், எத்தனை மணி வண்டி, எவ்வளவு ஆயிற்று என்று உங்கள் குழுவில் தேதியோடு இரண்டு வரி எழுதுங்கள்.